ஊசி முனையில் ஒரு குடும்பச் சொத்து

இராஜபாளையத்தில் என் பங்கைச் சேர்ந்த ஒரு குடும்பம் உண்டு. அவ்வீட்டுப் பெரியவர் பஞ்சாலை ஒன்றில் பிட்டராக முப்பது ஆண்டுகளுக்கு மேல் உழைத்தவர். இறைவனடி சேர்ந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. அவர் விட்டுச் சென்றவற்றுள் நிலமில்லை, பொன்னில்லை. ஒரு தகரப் பெட்டி மட்டும் இருந்தது. அதனுள் 62 இசைத்தட்டுகள். மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து, மதுரைக்குப் போகும்போதெல்லாம் ஒன்றும் இரண்டுமாக வாங்கிச் சேர்த்தவை அவை. அவருடைய பழைய ரெக்கார்டு பிளேயர் பழுதாகிப் பழைய இரும்புக்காரரிடம் போய்ப் பல ஆண்டுகள் ஆயின. பெட்டி மட்டும் கட்டிலுக்கு அடியில் கிடந்தது.

பெங்களூரில் பணிபுரியும் பேரன், கிறிஸ்து பிறப்பு விழாவிற்கு வந்தபோது பாட்டியம்மாளுக்கென்று புதிய ரெக்கார்டு பிளேயர் ஒன்றை வாங்கி வந்தான். தோல் பெட்டியைப் போன்ற அழகிய வடிவம். மூடியைத் திறந்தால் உள்ளேயே ஒலிபெருக்கி. விலையும் அவன் கைக்கு அடங்கியது. விழா வாழ்த்துச் சொல்லச் சென்ற எனக்கும் அதைக் காட்டினார்கள். அதில் 33, 45, 78 என்று மூன்று எண்கள் உள்ள சிறு விசை ஒன்றைக் கண்டேன். “பழைய கனமான தட்டுகளையும் போட்டுக் கேளுங்கள் அம்மா, அதற்கும் இதில் இடம் இருக்கிறதே” என்று சொன்னவன் நானே. இதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன்.

மார்ச்சு மாதத்தில் மறுபடியும் அவ்வில்லத்திற்குச் சென்றேன். கருவி மூடிக் கிடந்தது. காரணம் கேட்டேன். பாட்டியம்மாள் தயங்கித் தயங்கிச் சொன்னார்: “பாட்டு கேக்குது சாமி. ஆனா அவரு உட்கார்ந்து கேட்ட பாட்டு இது இல்ல. எண்ணெய்ச் சட்டியில கடுகு வெடிக்கிற மாதிரி இருக்கு. பிள்ளை ஆசையா வாங்கிக் கொடுத்தான், அவன்கிட்ட எப்படிச் சொல்லுறது?”

எண்பத்தைந்து வயதை நெருங்குகிறவர். செவி மந்தமாகியிருக்கும் என்று எண்ணி, “வயதானால் அப்படித்தான் அம்மா” என்று ஆறுதல் சொல்லிவிட்டு வந்தேன். பேரனுக்கோ, தான் கொடுத்த பரிசைப் பாட்டி தொடவில்லையே என்று மனத்தாங்கல். ஒரு சிறு கருவியால் அன்புள்ள இருவருக்கிடையே இப்படியொரு வருத்தம் நுழைந்துவிட்டது.

அடுத்த வாரம் ஸ்ரீவில்லிபுத்தூருக்குச் செல்ல நேர்ந்தது. அங்கே, முன்னாளில் திருமணங்களுக்கும் கோவில் கொடைகளுக்கும் நம் ஆலயத் திருவிழாக்களுக்கும் மைக்செட் போட்ட முதியவர் ஒருவர் வசிக்கிறார். பேரனையும் கருவியையும் இரண்டு தட்டுகளையும் உடன் அழைத்துக்கொண்டு அவரைக் கண்டேன். அவர் கடிகாரம் பழுது பார்ப்போர் கண்ணில் பொருத்தும் வில்லையை எடுத்து ஊசி முனையைப் பார்த்தார். பின்னர் ஒரு தட்டின் வரிகளின்மீது விரலை மெல்ல இழுத்து, நுனியில் ஒட்டிய கரிய பொடியைக் காட்டினார்.

“இது தூசி இல்ல சாமி. பாட்டு” என்றார்.

அன்று அவரிடம் கற்றுக்கொண்டதையும், பின்னர் நானே படித்தறிந்ததையும் இங்கே எழுதுகிறேன். இத்தகைய பெட்டிகள் நம் வீடுகள் பலவற்றில் பரண்மீது உறங்குகின்றன. மேல்நாடுகளில் இசைத்தட்டு மீண்டும் உயிர்பெற்றிருக்கிறது. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 2022ஆம் ஆண்டு விற்ற இசைத்தட்டுகளின் எண்ணிக்கை குறுந்தகடுகளின் எண்ணிக்கையை மிஞ்சிவிட்டது. அந்த ஆசை நம் ஊர் இளைஞரையும் தொட்டிருக்கிறது. ஆகவே, “எந்தக் கருவி மலிவு?” என்ற கேள்வி இனி பல வீடுகளில் எழும். என் விடை ஒன்றே: தட்டைத் தின்னாத கருவியே மலிவான கருவி. கருவி கெட்டால் வேறொன்று வாங்கலாம். தேய்ந்துபோன தட்டைத் திரும்பப் பெற வழியில்லை.

முதலில் செய்ய வேண்டியது கடைக்குப் போவதன்று. பெட்டியைத் திறந்து தட்டுகளை இனம் பிரிப்பது. நம் வீடுகளில் பெரும்பாலும் மூவகைத் தட்டுகள் இருக்கும். நிமிடத்திற்கு 78 சுற்றுச் சுழலும் பழந்தட்டுகள் கனமானவை; கீழே விழுந்தால் ஓடுபோல் உடைபவை; ஒரு பக்கத்திற்கு மூன்று அல்லது நான்கு நிமிடமே பாடுபவை. இவை அரக்கினால் ஆனவை. அரக்குடன் கல் பொடியையும் கரியையும் பஞ்சு இழையையும் கலந்து அழுத்தினார்கள். உலகெங்கும் சுழன்ற தட்டுகளுக்கு வேண்டிய அரக்கில் பெரும்பகுதி நம் நாட்டிலிருந்தே சென்றது என்பது நமக்குப் பெருமை. இரண்டாவது வகை, வினைல் என்னும் பொருளாலான, 12 அங்குல அகலமுள்ள எல்.பி. தட்டு. 1948இல் அமெரிக்காவில் வெளிவந்த இது, நிமிடத்திற்கு 33⅓ சுற்றுச் சுழன்று, பக்கத்திற்கு இருபது நிமிடங்களுக்கு மேல் பாடும். மூன்றாவது, மறு ஆண்டு வந்த 45 சுற்று வகையைச் சேர்ந்த 7 அங்குலச் சிறு தட்டு. திரைப்படப் பாடல்கள் நான்கை அடக்கி நம்மிடையே பெரிதும் பரவியது இதுவே.

பஞ்சாலைப் பெரியவரின் பெட்டியில் 78 சுற்றுத் தட்டுகள் 9, சிறு தட்டுகள் 14, எல்.பி. தட்டுகள் 39 இருந்தன. கே. பி. சுந்தராம்பாளும் எம். எஸ். சுப்புலட்சுமியும் இருந்தார்கள், எம். எஸ். விசுவநாதனும் இளையராஜாவும் இருந்தார்கள். கிறிஸ்தவப் பாடல்களும் இருந்தன. பலவற்றின் நடுவே, ஒலிப்பெட்டியின் முன் அமர்ந்து செவிசாய்க்கும் நாயின் படம். அது பிரான்சிஸ் பராட் என்னும் ஓவியர் தீட்டிய ஓவியம். 1899இல் கிராமபோன் கம்பெனி அதனை விலைக்கு வாங்கியது. நாய்களுக்குப் பெயர்போன இராஜபாளையத்தில் அந்தப் படத்துக்குத் தனி மதிப்பு இருந்ததில் வியப்பில்லை.

நம் நாட்டில் இக்கலை வேரூன்றியது 1902இல். அவ்வாண்டு கிராமபோன் கம்பெனியைச் சேர்ந்த பிரெட் கெய்ஸ்பெர்க் கல்கத்தாவுக்கு வந்து, கௌஹர் ஜான் என்னும் பாடகியின் குரலைப் பதிவு செய்தார். 1908இல் அந்நகரிலேயே தட்டு அழுத்தும் ஆலை எழுந்தது. நம் தமிழகத்தில், பின்னர் ஏ.வி.எம். படநிறுவனத்தை நிறுவிய காரைக்குடி ஏ. வி. மெய்யப்பன், முதலில் இசைத்தட்டு வாணிகத்தில் வளர்ந்தவரே. திருச்சபையும் இப்புதுமையை ஒதுக்கவில்லை: பாப்பரசர் பதின்மூன்றாம் சிங்கராயர் தாம் இறப்பதற்குச் சில மாதங்களுக்கு முன், 1903இல், தம் குரலைப் பதிவு செய்ய இசைந்தார். நூற்றாண்டு கடந்தும் அக்குரல் இருக்கிறது. பதிவான குரலின் ஆயுள் மனிதனின் ஆயுளை விஞ்சக்கூடியது. அதைக் கெடுக்காதிருப்பது நம் பொறுப்பு.

இனி, நான் செய்த தவற்றுக்கு வருகிறேன். 78 சுற்றுத் தட்டின் வரி அகலமானது; எல்.பி. தட்டின் வரி மிகக் குறுகியது. ஆகவே ஊசியும் இரு வகை. அகல வரிக்கான ஊசியின் முனை ஏறத்தாழ 75 மைக்ரான் ஆரம் கொண்டது. குறுகிய வரிக்கான ஊசிக்கு ஏறத்தாழ 18 மைக்ரானே. மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. சிறு முனையுள்ள ஊசியை அகல வரியில் விட்டால், அது வரியின் அடித்தளத்தில் உரசிக்கொண்டு ஓடும். அங்கே தேங்கியிருப்பது அழுக்கும் இரைச்சலுமே. அரக்குத் தட்டிலுள்ள கல் பொடியோ அரம்போல ஊசியைத் தேய்க்கும். அவ்வாறு முனை தேய்ந்து கூர்விளிம்பு கொண்ட ஊசியை மறுநாள் வினைல் தட்டின்மீது வைத்தால், அது பாடாது; உழும். பாட்டியம்மாள் வீட்டில் நிகழ்ந்தது இதுதான். கருவியின் விசை 78 சுற்றுக்கு இடம் கொடுத்தது. ஊசி இடம் கொடுக்கவில்லை. விசையைப் பார்த்து நான் சொன்ன ஒரு சொல்லால் ஊசி கெட்டது. ஊசியால் தட்டு கெட்டது. அவர் செவியில் குறையே இல்லை.

அடுத்து, ஊசியின் பாரம். தட்டின்மீது படியும் பிக்கப் கையின் முனை எத்தனை கிராம் அழுத்துகிறது என்பது முக்கியம். பெட்டி வடிவில் வரும் மலிவுக் கருவிகளில் பெரும்பாலும் செராமிக் வகைக் கார்ட்ரிட்ஜ் இருக்கும். அது ஐந்து, ஆறு கிராம் பாரத்துடன் அழுத்துவது வழக்கம். காந்த வகைக் கார்ட்ரிட்ஜ் ஒன்றரை முதல் மூன்றரை கிராமுக்குள் வேலை செய்யும். ஒரு முறை ஓட்டியதும் தட்டு பாழாகிவிடும் என்று அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் நாள்தோறும் கேட்கும் வீட்டில் பாரமும் தேய்ந்த முனையும் சேர்ந்தால் சேதம் விரைந்து வரும். பாரத்தைத் திருத்தக்கூடிய கருவியை, குறிப்பாகப் பழைய கருவியை வாங்குவோர், பொன் நிறுக்கும் சிறு எலக்ட்ரானிக் தராசில் தட்டின் உயரத்தில் ஊசியை மெல்ல இறக்கி நிறுத்துப் பார்க்கலாம். மைக்செட் பெரியவர் அப்படித்தான் செய்கிறார்.

ஆகவே வாங்கும்போது பார்க்க வேண்டியவை இவை. ஊசி வைரமுனை உடையதா? நீலமணி முனை மிக விரைவில் தேயும். வைரமுனை சில நூறு மணி நேரம் உழைக்கும். தேய்ந்தபின் அதே ஊசி தனியாகக் கிடைக்குமா? கிடைக்காதாயின் அக்கருவி எவ்வளவு அழகாயிருந்தாலும் வேண்டா. கார்ட்ரிட்ஜ் காந்த வகையா? ஆம் எனில், அதன் மெல்லிய மின்னொலியை உயர்த்தித் திருத்தித் தரும் போனோ பிரிஆம்ப் என்னும் உறுப்பு கருவிக்குள்ளேயே இருக்கிறதா? இருந்தால், வீட்டிலுள்ள ஆம்ப்ளிபயரின் ‘ஆக்ஸ்’ துளையில் நேரே இணைத்துவிடலாம். தனியாக ஒன்றுக்குச் செலவில்லை. ஒலிபெருக்கி கருவியை விட்டு வெளியே இருப்பது நல்லது. ஒரே பெட்டிக்குள் இருந்தால் அதன் அதிர்வே ஊசியை உலுக்கும்.

ஜப்பான் நாட்டு ஆடியோ-டெக்னிகா நிறுவனத்தின் எல்பி 60 எக்ஸ் என்னும் கருவி இவ்வகையில் எளியதொன்று. விளம்பரத்திற்காகப் பெயர் சொல்லவில்லை, எடுத்துக்காட்டாகவே சொல்கிறேன். ரப்பர் பெல்ட்டினால் சுழல்வது; காந்தக் கார்ட்ரிட்ஜும் பிரிஆம்பும் உடன் வருகின்றன; பாரம் ஆலையிலேயே அளந்து வைக்கப்பட்டது. பொத்தானை அழுத்தினால் கை தானே எழுந்து தட்டின்மேல் இறங்கும். முடிந்ததும் தானே திரும்பும். நடுங்கும் கைகளை உடைய முதியோருக்கு இதைவிட உதவி வேறில்லை. 33, 45 என்னும் இரு வேகமே உண்டு, 78 இல்லை. அது குறையாகத் தோன்றலாம். பொருந்தாத ஊசியோடு மூன்று வேகம் காட்டுவதைவிட, பொருந்திய ஊசியோடு இரண்டே வேகம் காட்டுவது நேர்மையானது என்பேன்.

பழைய கருவி வாங்கலாமா என்று கேட்பீர்கள். எச்.எம்.வி. பியஸ்டா போன்ற பெட்டிகள் இன்றும் சிலரிடம் உள்ளன. பார்க்கையில் நெஞ்சு நெகிழும். ஆனால் அவற்றின் கார்ட்ரிட்ஜும் ரப்பர் உறுப்புகளும் வயதால் இறுகியிருக்கும். பழுது நீக்கத் தெரிந்தவர் அருகிலிருந்தால் மட்டுமே வாங்குக. வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவரும் பழைய கருவிகளிலும் கவனம் தேவை. அமெரிக்க மின்சாரம் 60 சுழற்சி, நம்முடையது 50. அங்கத்திய பழைய மோட்டார் சில இங்கே 33 சுற்றுக்குப் பதில் ஏறத்தாழ 28 சுற்றே சுழலும். பாடகர் தூக்கக் கலக்கத்தில் பாடுவதுபோல் ஒலிக்கும்.

எக்கருவியாயினும் வேகத்தைச் சோதிக்க ஓர் எளிய வழி உண்டு. தட்டின் ஓரத்தில் சிறு காகிதத் துண்டை ஒட்டுங்கள். கடிகாரத்தைப் பார்த்துச் சரியாக மூன்று நிமிடம் எண்ணுங்கள். 33⅓ வேகமெனில் அத்துண்டு 100 முறை உங்களைக் கடந்து செல்ல வேண்டும். வீட்டுப் பிள்ளைகளிடம் இதை ஒப்படைத்தால் மகிழ்ச்சியுடன் செய்வார்கள். கருவி வைக்கும் மேசை சாய்வின்றி இருக்கிறதா என்று கொத்தனாரின் ரசமட்டத்தைக் கடன் வாங்கிப் பார்த்துவிடுங்கள்.

நம் பகுதிக்கென்று இரு எச்சரிக்கைகள். இராஜபாளையத்தில் ஆலைகளை அடுத்துள்ள வீடுகளில் பஞ்சுத் தூசி எங்கும் பறக்கும். அது ஊசி முனையில் சிறு உருண்டையாகத் திரண்டு ஊசியைத் தூக்கிவிடும். ஆகவே மூடியுள்ள கருவியே வேண்டும். ஒவ்வொரு முறையும் மெல்லிய தூரிகையால் ஊசியைப் பின்னிருந்து முன்னாகத் துடைக்க வேண்டும். மற்றொன்று கோடை. வினைல் தட்டு வெப்பத்தில் வளையும். தகரக் கூரையின் கீழும் வெயில் விழும் சன்னலருகிலும் வைக்காதீர்கள். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காமல் புத்தகம்போல் நிறுத்தி வையுங்கள். அரக்குத் தட்டை ஸ்பிரிட் கொண்டு ஒருபோதும் துடைக்கலாகாது. ஸ்பிரிட் அரக்கைக் கரைத்துவிடும்.

செலவைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பேரன் முதலில் கொடுத்ததைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு இரண்டாவது கருவிக்கு ஆயிற்று. தவணையில் வாங்கட்டுமா என்று கேட்டான். வேண்டாம் என்றேன். பெட்டியில் அறுபது ஆண்டு காத்திருந்த பாட்டு இன்னும் ஐந்து மாதம் காத்திருக்கும், வட்டி காத்திருக்காது. பழைய ஆம்ப்ளிபயரும் ஒலிபெருக்கியும் உறவினர் வீட்டில் சும்மா கிடந்தன; அவற்றுக்குச் செலவில்லை. ஐந்து மாதம் சேர்த்துக் கருவியும், அத்துடன் மாற்று ஊசி ஒன்றும் வாங்கினான். மாற்று ஊசியை முதல் நாளே வாங்குவது வீண் செலவன்று; அது தட்டுகளுக்குச் செய்யும் காப்பீடு.

அந்த ஒன்பது அரக்குத் தட்டுகளுக்கு என்ன செய்தோம்? அவற்றுக்கென்று தனிக்கருவி வாங்கவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் பெரியவரிடம் அகல ஊசியுடன் கருவி இருக்கிறது. ஒரு ஞாயிறு மாலை அவர் வீட்டில் ஒன்பதையும் ஒரு முறை ஓட்டி, பதிவு செய்து, பென்டிரைவில் ஏற்றித் தந்தார். பணம் வாங்க மறுத்துவிட்டார். பால்கோவாவை மட்டும் வாங்கிக்கொண்டார். எல்லாவற்றையும் ஒவ்வொரு வீடும் வாங்க வேண்டியதில்லை. ஒருவரிடம் உள்ளதை இன்னொருவர் பயன்படுத்திக்கொள்ளும் பழக்கம் நம்மிடம் இருந்தால் பாதிச் செலவு மிச்சம்.

ஆகஸ்டு மாதத்தில், விண்ணேற்பு விழா முடிந்த மாலை, அவ்வில்லத்தில் புதிய கருவி பாடியது. நானும் இருந்தேன். கெட்டுப்போன தட்டுகள் இரண்டு என்று அறிந்தோம். அவற்றுள் ஒன்று, 1984இல் தம் திருமண வெள்ளி விழாவுக்கென்று பெரியவர் வாங்கியது. அதன் முதல் பக்கம் முழுதும் அந்தக் கடுகு வெடிக்கும் ஓசைதான். பேரன் தலை குனிந்தான். நானும்தான். “உங்கள் காதில் குறை என்று சொன்னேனே அம்மா, குறை என் பேச்சில்தான்” என்றேன்.

பாட்டியம்மாள் ஒன்றும் சொல்லாமல் தட்டைத் திருப்பிப் போடச் சொன்னார். மறு பக்கம் அதிகம் ஓட்டப்படாதது, தெளிவாகப் பாடியது. முடியும் வரை பேரனின் கையைப் பிடித்தபடி இருந்தார். பிறகு, “இதுதான் அவரு கேட்டது” என்றார்.

அன்பர்களே, உங்கள் வீட்டுப் பரணில் இப்படியொரு பெட்டி இருக்கலாம். அதைத் திறப்பதற்கு முன் ஊசியைப் பாருங்கள். பார்க்கத் தெரியாவிட்டால், தெரிந்தவரைக் கேளுங்கள். முதியவர் ஒருவர் “இது சரியில்லை” என்று சொன்னால், அவருடைய செவியை ஐயுறும் முன் கருவியை ஐயுறுங்கள்.